விண்மீன்கள் முட்டிக்கொள்வதில்லை என்றால் இரண்டு சுருள் பேரடைகள் எப்படி ஒன்றாகின்றன?

வளர்பிறை கேட்டது:

காகம் விண்மீன் தொகுதியில் இருக்கும், ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும் ஆன்டெனா பேரடைகள் (கேலக்ஸிகள்) இரண்டின் ஒளிப்படத்தைப் பார்த்த நாளிலிருந்து ஓர் ஐயம் என்னை விடாமல் துரத்துகிறது. இதைப் பற்றிப் படிக்கும் இடங்களிலெல்லாம் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. சுருள் பேரடைகள் மோதும்போது அவற்றில் உள்ள விண்மீன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதே இல்லை என்பது ஒன்று. மோதலுக்குப் பின் அவை ஒரே பேரடையாக இணைந்துவிடுகின்றன என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குக் கணக்குச் சரியாக வரவில்லை. தொலைவிலிருந்து ஒன்றை நோக்கி ஒன்று விழும் இரு பொருள்கள், விழும்போது பெற்ற வேகத்தைக் கொண்டே மறுபுறம் அதே தொலைவுக்குப் பிரிந்துபோய்விட முடியும் என்றுதான் பள்ளி இயற்பியல் சொல்கிறது. நடுவில் எங்காவது ஆற்றல் செலவானால்தான் அவை பிணைந்து நிற்கும். முட்டலே இல்லாத இடத்தில் அந்தச் செலவு எங்கே நடக்கிறது?

இதனோடு சேர்ந்த இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தப் படத்தில் பூச்சியின் உணர்கொம்புகளைப் போல இரண்டு நீண்ட வால்கள் வெளியே வளைந்து செல்கின்றன. ஈர்ப்பு என்பது உள்நோக்கி இழுப்பது. அது விண்மீன்களை வெளியே வீசுவது எப்படி?

கதிர்நோக்கி எழுதியது:

உங்கள் ஐயம் நியாயமானது. விண்மீன்கள் முட்டுவதில்லை என்ற கூற்றை எண்களோடு பார்த்துவிட்டு மேலே போவோம். சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். அதற்கு மிக அருகில் உள்ள விண்மீனான ப்ராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டுத் தொலைவில், அதாவது ஏறத்தாழ 40 லட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சூரியனை ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள கடுகாகச் சுருக்கினால் அடுத்த கடுகு ஏறக்குறைய 29 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும். ஒரு லட்சம் ஒளியாண்டு விட்டமுள்ள தட்டில் 20,000 கோடி விண்மீன்கள் பரவியிருப்பதாகவும், அவை எல்லாமே சூரியன் அளவு பெரியவை என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதே அளவுள்ள இன்னொரு பேரடை அந்தத் தட்டைக் குறுக்காகக் கடந்து போனால், நெருங்கும் விண்மீன்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், மொத்தத்தில் ஒன்றிரண்டு முட்டல்களே எதிர்பார்க்கத்தக்கவை. உண்மையில் பெரும்பாலான விண்மீன்கள் சூரியனைவிடச் சிறியவை என்பதால் எண்ணிக்கை இன்னும் குறையும். மையத்தில் நெரிசல் மிகுதி என்பதால் அங்கே மட்டும் சற்றுக் கூடும். எப்படிப் பார்த்தாலும் பேரடைகளின் வேகத்தைத் தடுக்கும் வேலையை இந்த முட்டல்கள் செய்யவில்லை என்பது உறுதி.

இப்போது ஆற்றலுக்கு வருவோம். நீங்கள் சொன்ன பள்ளி விதி, உள்ளமைப்பு எதுவும் இல்லாத, குலையாத இரண்டு பொருள்களுக்குப் பொருந்தும். பேரடை அப்படிப்பட்ட பொருள் அல்ல. அதனுள் ஒவ்வொரு விண்மீனும் தனித்தனிப் பாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு பாதையையும் மாற்றிவிட முடியும். ஒரு பேரடை மற்றொன்றைக் கடக்கும்போது அதன் ஈர்ப்பு, அருகில் உள்ள விண்மீன்களை வலுவாகவும் தொலைவில் உள்ளவற்றை வலுக்குறைவாகவும் இழுக்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் ஓத விசை என்கிறோம். கடலில் நிலவு எழுப்பும் ஓதம் நிலவை நோக்கிய பக்கத்திலும் அதற்கு நேரெதிர்ப் பக்கத்திலுமாக இரண்டு புடைப்புகளை உண்டாக்குவதற்கும் இதுவே காரணம். அருகுப் பக்கத்து விண்மீன்கள் எதிர்ப்பேரடையை நோக்கி இழுபட்டு இரண்டுக்கும் இடையே பாலம் போல நீள்கின்றன. அப்பால் பக்கத்து விண்மீன்களோ, பேரடையின் உடல் முன்னே இழுக்கப்பட்டுவிட்டதால் பின்தங்கி, ஏற்கெனவே தங்களிடம் இருந்த சுழற்சி வேகத்தோடு வெளியே விரிந்து வாலாகின்றன. ஆகவே வாலில் இருக்கும் விண்மீன்களை எதுவும் வெளியே தள்ளவில்லை. அவற்றைப் பிடித்து வைத்திருந்த ஏற்பாடுதான் நழுவிப்போனது.

வால் எவ்வளவு நீளும் என்பதைப் பெரும்பாலும் சுழற்சியின் திசையே தீர்மானிக்கிறது. தட்டு சுழலும் திசையிலேயே எதிர்ப்பேரடையும் சுற்றிவந்து கடந்தால், வெளிவிளிம்பில் உள்ள விண்மீன்கள் அதனோடு சிறிது காலம் கூடவே பயணிக்கின்றன. இழுப்பு ஒரே திசையில் தொடர்ந்து சேர்ந்துகொண்டே போவதால் வால் நீண்டு மெலிகிறது. எதிர்த்திசையில் கடந்தால் இழுப்பு ஒவ்வொரு கணமும் திசை மாறித் தன்னைத்தானே பெரும்பாலும் அழித்துக்கொள்கிறது. தட்டு சற்றுக் கலங்குவதோடு சரி.

இப்படி விண்மீன்களைப் பாதை மாற்றவும், அவற்றின் தாறுமாறான ஓட்டத்தைக் கூட்டவும், வெளியே விரிக்கவும் ஆன ஆற்றல் முழுவதும் பேரடைகளின் பயண ஆற்றலிலிருந்து கழிக்கப்படுகிறது. இதில் விண்மீன்களைவிடப் பெரிய பங்கு, ஒளி வீசாமல் ஈர்ப்பால் மட்டுமே புலப்படும் கரும்பொருளுக்கு உண்டு. ஒளிரும் தட்டைச் சுற்றிப் பல லட்சம் ஒளியாண்டுகளுக்கு விரிந்திருக்கும் கரும்பொருள் உறைதான் பேரடையின் நிறையில் மிகப் பெரும்பகுதி. நிறைமிக்க ஒரு பொருள் சிறு துகள்களின் கூட்டத்தினூடே செல்லும்போது, அதன் ஈர்ப்பால் வளைக்கப்பட்ட துகள்கள் அதற்குப் பின்னால் அடர்ந்து சேர்ந்து அதைப் பின்னோக்கி இழுக்கின்றன. எதையும் உரசாமலேயே நிகழும் இந்த வேகத்தடைக்கு இயக்க உராய்வு என்று பெயர். இதை 1943-இல் கணக்கிட்டுக் காட்டியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சூரியனைப் போன்ற விண்மீன்கள் எரிந்து தீர்ந்தபின் எஞ்சும் வெள்ளைக் குறுமீன்களுக்கான நிறை எல்லையைச் சொன்னவர் என்று அவரை நாம் அறிந்திருக்கிறோம். பேரடைகள் இணைவதைப் புரிந்துகொள்ள அடிப்படையான இந்தப் பணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை என்பது எனக்குச் சற்று வருத்தமே.

ஆக, முதல் நெருக்கத்தில் இரண்டும் ஒன்றினூடே ஒன்று கடந்து வெளியேறத்தான் செய்கின்றன. ஆனால் இழந்த ஆற்றலின் அளவுக்குக் குறைவான தொலைவே போய், நின்று, மறுபடி விழுகின்றன. அடுத்த நெருக்கம் அதைவிட ஆழமானது, இடைவெளியும் குறுகியது. இவ்வாறு சில சுற்றுகளில், நூறு கோடி ஆண்டுகளை ஒட்டிய கால அளவில், இரண்டு மையங்களும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: வேகம் மிதமாக இருக்க வேண்டும். பெரிய பேரடைக் கொத்துகளின் நடுவே பேரடைகள் வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஒன்றையொன்று கடக்கின்றன. அங்கே விண்மீன்கள் இழுப்புக்கு ஈடுகொடுத்துப் பாதை மாறுவதற்குள் சந்திப்பே முடிந்துவிடுவதால், நீங்கள் எதிர்பார்த்தது போலவே அவை இணையாமல் விலகிச் செல்கின்றன.

துருவன் எழுதியது:

கதிர்நோக்கி அவர்கள் விண்மீன்களையும் கரும்பொருளையும் பற்றி எழுதியதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்தப் படத்தில் நம் கண்ணைக் கவரும் நீலத் திட்டுகளும் இளஞ்சிவப்புப் புள்ளிகளும் வேறொரு பொருளின் கைவரிசை என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுருள் பேரடையில் விண்மீன்களுக்கு இடையே வாயு இருக்கிறது, அந்த வாயு நிச்சயமாக மோதுகிறது. மூலக்கூறு முகில் ஒன்று பத்து முதல் நூற்றுக்கணக்கான ஒளியாண்டுகள் வரை அகன்றிருக்கும்; அதனால் ஒரு பேரடையின் வாயு மற்றொன்றின் வாயுவுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போக இடமில்லை. குளிர்ந்த வாயுவில் ஒலியின் வேகம் மிகக் குறைவு என்பதால், வினாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாயு அதிர்வலைகளை எழுப்பி, நெருக்குண்டு, வெப்பத்தை ஒளியாக உமிழ்ந்து, மறுபடி குளிர்ந்து முன்னைவிட அடர்ந்துவிடுகிறது. விண்மீன் பிறப்பதற்கு இதைவிடத் தோதான சூழ்நிலை வேறில்லை.

ஆன்டெனா பேரடைகளில் ஹபிள் தொலைநோக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் விண்மீன் கொத்துகளைக் கண்டது. அவ்விடத்தில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றும் செய்தி, மிகத் தீவிரமான பிறப்பு நடப்பது இரண்டு மையங்களிலும் அல்ல, அவற்றுக்கு நடுவே தட்டுகள் மேற்படியும் பகுதியில் என்பதுதான். அந்தப் பகுதி கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் தூசியால் மங்கிக் கிடக்கிறது. அகச்சிவப்பில் பார்த்தபோதுதான் அதன் உண்மையான வெளிச்சம் தெரியவந்தது. சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி வரிசை 2011-இல் தன் முதல் படமாக உலகுக்குக் காட்டியதும் இதே இணையைத்தான். குளிர்ந்த வாயு எங்கெங்கே குவிந்திருக்கிறது என்பதை அது துலக்கியது.

இணைப்பு முற்றிய நிலையில் கதை மாறுகிறது. குலைந்த தட்டில் விண்மீன்கள் நீள்பட்டையாக அமைந்து, அதன் ஈர்ப்பு வாயுவின் கோண உந்தத்தை, அதாவது அதைச் சுழல வைத்திருக்கும் உந்தத்தை, பறித்துக்கொள்வதால், வாயு சுழன்று நிற்க முடியாமல் மையத்தை நோக்கிச் சரிகிறது. சுமார் 25 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஆர்ப் 220 இதற்கு நல்ல சான்று. இரண்டு மையங்கள் இன்னும் தனித்தனியே தெரியும் அந்தப் பேரடை, சூரியனைப் போல ஒரு லட்சம் கோடி மடங்குக்கும் மேலான ஆற்றலை உமிழ்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி அகச்சிவப்பாகவே வெளிவருகிறது. புதிய விண்மீன்களின் புறஊதா ஒளி முழுவதையும் சுற்றியுள்ள தூசி விழுங்கி, வெப்பமாக வெளிவிடுவதே இதற்குக் காரணம். அதனால்தான் இத்தகைய பேரடைகளின் முக்கியத்துவம் 1983-இல் ஐராஸ் செயற்கைக்கோள் வானத்தை அகச்சிவப்பில் அலசிய பிறகே விளங்கியது.

வளர்பிறை எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஆற்றல் எங்கே போகிறது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. இதிலிருந்து எழும் ஒரு கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். நிகழ்வு முழுவதும் நூறு கோடி ஆண்டு நீள்கிறது என்கிறீர்கள். நம்மிடம் இருப்பதோ அசையாத ஒரே ஒரு காட்சி. அதை வைத்துக்கொண்டு, இவை இரண்டும் மோதுகின்றன, இவ்வளவு காலம் முன்பு மோதத் தொடங்கின என்றெல்லாம் எப்படிச் சொல்ல முடிகிறது? ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நம் பார்வைக் கோட்டில் தற்செயலாக அமைந்த இரண்டு பேரடைகளும் இப்படித்தானே தோன்றும்?

முகில்வண்ணம் எழுதியது:

தற்செயலாக அமைவதும் உண்டு, அதில் ஏமாறவும் இடமுண்டு. என்ஜிசி என்ற வான்பொருள் பட்டியலில் 3314 என்ற எண் பெற்ற இணையின் படத்தில் இரண்டு சுருள் பேரடைகள் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே கவிந்திருக்கின்றன; ஆனால் அவற்றுக்கு இடையே இரண்டு கோடி ஒளியாண்டுகளுக்கும் மேலான இடைவெளி இருக்கிறது, ஒன்று மற்றொன்றைத் தொடவே இல்லை. ஸ்டீபன் ஐவர் குழு எனப்படும் தொகுப்பில் நான்கு பேரடைகள் சுமார் 29 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உண்மையாகவே நெருங்கியிருக்க, ஐந்தாவதான என்ஜிசி 7320 நமக்கு அருகே ஏறத்தாழ 4 கோடி ஒளியாண்டில் தனியாக நிற்கிறது. இவற்றைப் பிரித்தறிய முதலில் உதவுவது நிறமாலையின் செம்பெயர்ச்சி, அதாவது விலகிச் செல்லும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கமாக நகர்வது. இரண்டின் விலகு வேகங்களும் வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டருக்குள் ஒத்திருந்தால் அவை அண்டை வீட்டார் என்று கொள்ளலாம். அதைவிட உறுதியான சான்று உருவத்திலேயே இருக்கிறது: தற்செயலாக ஒரே கோட்டில் நிற்கும் பேரடைகளுக்கு ஓத வால் முளைப்பதில்லை.

காலக் கணக்குக்கு, ஓடும் படத்தை நாமே செய்து பார்க்க வேண்டியிருக்கிறது. முதன்முதலில் இதைச் செய்தவர் சுவீடனைச் சேர்ந்த எரிக் ஹோம்பெரி, ஆண்டு 1941. அவரிடம் கணினி இல்லை. விளக்கின் ஒளி, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது, ஈர்ப்பும் அப்படியே குறைகிறது என்ற ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பேரடைக்கும் 37 விளக்குகள் என 74 விளக்குகளை மேசையில் பரப்பினார். ஒவ்வொரு விளக்கின் இடத்திலும் நான்கு பக்கமிருந்தும் வந்து விழும் ஒளியை ஒளிமின்கலத்தால் அளந்து, அதையே ஈர்ப்பின் அளவாகக் கொண்டு, விளக்குகளைப் படிப்படியாக நகர்த்திக்கொண்டே போனார். கடந்து செல்லும் பேரடைகளில் ஓதப் புடைப்பு எழுவதையும், அவை ஆற்றலை இழந்து பிணைபடக்கூடும் என்பதையும் அந்த விளக்குகளே காட்டிவிட்டன. வானியல் வரலாற்றில் இவ்வளவு எளிய கருவியைக் கொண்டு இவ்வளவு தொலைவு பார்த்த சோதனை வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

1966-இல் ஹால்டன் ஆர்ப், உருவம் கோணிய 338 பேரடைகளின் படத்தொகுப்பை வெளியிட்டார். அதில் இருந்த வால்களும் பாலங்களும் ஈர்ப்பால் மட்டுமே உண்டாக முடியாது, அத்தனை மெல்லிய உருவத்துக்குக் காந்தப் புலம் போன்ற வேறு விசை தேவை என்று அக்காலத்தில் பலர் எண்ணினர். அலர் தூம்ரே, யூரி தூம்ரே என்ற உடன்பிறந்தார் இருவர் 1972-இல் கணினியின் துணையோடு அந்த எண்ணத்தை மாற்றினர். இரண்டு நிறைப் புள்ளிகள், அவற்றைச் சுற்றி நிறையற்ற துகள்களின் வளையங்கள், அவ்வளவுதான் அவர்களது மாதிரி. சந்திப்பின் கோணத்தையும் வேகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஆன்டெனாவையும், சுண்டெலிகள் எனப்படும் என்ஜிசி 4676-ஐயும், நீர்ச்சுழிப் பேரடையையும் அதன் துணையையும் அச்சு அசலாகத் திரையில் வரைந்து காட்டினர். சுண்டெலிகளில் ஒன்றின் வால் அம்பைப் போல நேராகத் தெரிவது கூட, உண்மையில் வளைந்த ஒரு வாலை நாம் விளிம்புப் பக்கமாகப் பார்ப்பதால் வந்த தோற்றம் என்று அந்த மாதிரியில் விளங்கியது.

இன்று செய்வதும் அடிப்படையில் இதுவே. வாலின் நீளமும், வால் நெடுக ஒவ்வோர் இடத்திலும் வாயு நகரும் வேகமும் ரேடியோ தொலைநோக்கிகளால் அளக்கப்படுகின்றன. உருவமும் வேகமும் ஒருசேரப் பொருந்தி வரும் மாதிரியே ஏற்கப்படுகிறது. உருவம் மட்டும் பொருந்தினால் போதாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் வேறுவேறு சந்திப்புகள் ஒரே மாதிரியான நிழலை விழச்செய்ய முடியும். அதனோடு, மோதலில் பிறந்த விண்மீன் கொத்துகளின் நிறத்திலிருந்து அவற்றின் வயதைக் கணித்தால் தனியான ஒரு கடிகாரமும் கிடைக்கிறது.

இளவேனில் எழுதியது:

நம்முடைய பால்வழியும் ஆண்ட்ரோமெடாவும் இன்னும் 400 கோடி ஆண்டுகளில் மோதி ஒரே நீள்வட்டப் பேரடையாகிவிடும் என்பது முடிந்த முடிவு. அப்படியிருக்க, தொலைதூர எடுத்துக்காட்டுகளை ஏன் தேட வேண்டும்? நம் எதிர்காலமே சிறந்த எடுத்துக்காட்டு அல்லவா?

கதிர்நோக்கி எழுதியது:

முடிந்த முடிவு என்று இப்போது சொல்வதற்கில்லை. ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வருகிறது என்பதை வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-இலேயே அளந்துவிட்டார். சூரியன் பால்வழியைச் சுற்றும் வேகத்தைக் கழித்துவிட்டால், 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் அது வினாடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது. நேராக நம்மை நோக்கி வருகிறதா, பக்கவாட்டில் நழுவிப் போகுமா என்பதே சிக்கல். அந்தப் பக்கவாட்டு நகர்வு ஆண்டாண்டு காலமாக அளக்க முடியாத அளவுக்குச் சிறியதாக இருந்தது. ஹபிள் அளவீடுகளின் அடிப்படையில் 2012-இல் வெளிவந்த ஆய்வு, பக்கவாட்டு வேகம் மிகக் குறைவு, மோதல் நடக்கும் என்று சொன்னது. நீங்கள் சொல்லும் 400 கோடி ஆண்டு அதிலிருந்து வந்ததே. 2025-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் தில் சவாலா தலைமையிலான குழு, ஹபிளோடு, விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் அளவீடுகளையும் சேர்த்து, ஒவ்வோர் அளவீட்டின் பிழை வரம்பையும் முழுமையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பால்வழியின் துணைப் பேரடையான பெரிய மெகல்லன் முகிலின் இழுப்பையும் உட்படுத்திப் பார்த்தபோது, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளுக்குள் இரண்டும் இணையும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி என்றே வந்தது. ஆண்ட்ரோமெடாவுக்கு அருகில் உள்ள முக்கோணப் பேரடையின் இழுப்பு மோதலுக்குச் சாதகமாகவும், மெகல்லன் முகிலின் இழுப்பு பாதகமாகவும் வேலை செய்கின்றன. மற்றபடி, சூரியன் நூறு கோடி ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வீதம் வெளிச்சம் கூடிக்கொண்டே போவதால், அந்த வானக் காட்சியைப் பார்க்கும் நிலையில் பூமி இருக்காது.

இணைந்தால் நீள்வட்டப் பேரடைதான் மிஞ்சும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. சம நிறையுள்ள இரண்டு தட்டுகள், வாயு குறைந்த நிலையில் இணைந்தால், ஈர்ப்புப் புலம் வேகமாக ஏறி இறங்குவதில் விண்மீன்களின் பாதைகள் எல்லாத் திசையிலும் கலைந்து, தட்டு இருந்த சுவடே இல்லாமல் போகும். வாயு மிகுந்திருந்தால், எஞ்சிய வாயு மறுபடி தட்டாகப் படிந்து புதிய விண்மீன்களை உருவாக்க முடியும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. சிறிய பேரடையை விழுங்கும்போது தட்டு தப்பிப் பிழைப்பது இன்னும் எளிது. பால்வழியே ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் கையா-என்செலடஸ் என்ற பேரடையை உட்கொண்டது என்பது, பால்வழித் தட்டைச் சூழ்ந்திருக்கும் ஒளிவட்டம் என்ற பகுதியில் எதிர்ப்போக்காக ஓடும் விண்மீன்களைக் கொண்டு 2018-இல் கண்டறியப்பட்டது.

துருவன் எழுதியது:

மையங்கள் ஒன்றாகும்போது அங்குள்ள கருந்துளைகள் என்னவாகும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஆற்றல் எங்கே போகிறது என்ற முதல் கேள்வி அங்கேதான் மறுபடி கூர்மையாகிறது. என்ஜிசி 6240 என்ற இணைந்துகொண்டிருக்கும் பேரடையில் இரண்டு கருந்துளைகள் ஒரே நேரத்தில் வாயுவை விழுங்கி எக்ஸ் கதிர் வீசுவதை 2002-இல் சந்திரா எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கி காட்டியது. அவற்றுக்கு இடையே சுமார் 3,000 ஒளியாண்டு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைக் குறைப்பதும் மேலே சொன்ன இயக்க உராய்வுதான். சில ஒளியாண்டுகள் வரை நெருங்கிய பிறகு, இழுத்துத் தடுக்கப் போதுமான விண்மீன்கள் அந்தப் பாதையில் மிஞ்சுவதில்லை. கருந்துளை இணை தன் அருகில் வந்த விண்மீன்களை ஏற்கெனவே வெளியே எறிந்து காலி செய்திருக்கும். ஈர்ப்பலைகளாக, அதாவது வெளியெங்கும் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகளாக, ஆற்றலை இழந்து இணைவதற்கோ அந்தத் தொலைவு மிக அதிகம். நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தை அவை எப்படிக் கடக்கின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. வாயு உதவுகிறது என்பாரும், பேரடையின் உருவம் சீராக இல்லாததால் புதிய விண்மீன்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் என்பாரும், மூன்றாவது கருந்துளை வந்து சேர்ந்து கிளறிவிடும் என்பாரும் இருக்கின்றனர். எப்படியோ கடக்கின்றன என்பதற்கு 2023 ஜூன் மாதம் வலுவான குறிப்பு ஒன்று கிடைத்தது. கடிகாரம் போலச் சீராக ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் விண்மீன் எச்சங்களான துடிமீன்களின் துடிப்பு நேரத்தைப் பல ஆண்டுகளாகக் கண்காணித்து வந்த அமெரிக்க, ஐரோப்பிய, இந்திய, ஆஸ்திரேலிய, சீனக் குழுக்கள், ஓர் அலை கடக்கப் பல ஆண்டுகள் ஆகும் அளவுக்கு மிக நீண்ட ஈர்ப்பலைகளின் முழக்கம் வானமெங்கும் நிறைந்திருப்பதற்கான சான்றுகளை ஒருசேர வெளியிட்டன. அந்த முழக்கத்துக்கு, இணைந்த பேரடைகளின் மையங்களில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும் பெருங்கருந்துளை இணைகளே காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு.